கணக்கு எழுதாத சேவை

ஓரியூர்ச் செம்மணலை மிதித்தவர்களுக்குப் புனித அருளானந்தரைத் தெரிந்திருக்கும். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை. மறவர் சீமைக்கு வந்து, காவி உடுத்தி, புலால் விட்டு, எளியவர்களோடு எளியவராக நடந்தார். ஒருமுறை ஊர் திரும்பியபோது, அரசராகிவிட்ட அந்தப் பழைய தோழர் அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல், 1690ல் மறுபடி கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரிலேயே உயிரைக் கொடுத்தார்.

அரண்மனை இல்லாத நாம் எதை விடுவது என்கிறீர்களா? ‘நான்தானே எல்லாம் செய்யறேன்!’ என்று மனசுக்குள் எழுதும் கணக்கை விடலாமே! நாத்தனாருக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுப்போம். அதைத் தெருவெல்லாம் சொல்லியும் விடுவோம். அந்தக் கஞ்சியில் பாதி சுயநலம்தானே?

இந்தப் பதினைந்து நாளில் ஒரு உதவியாவது யாருக்கும் தெரியாமல் செய்து பாருங்களேன். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைக் கெடுத்துக்கொள்வது பணிவல்ல.