ஆசனம் மாறினால் நாவும் மாறுமோ?

தேர்தல் மேடையில் ஒருவர் பேசும் பேச்சுக்குக் கைதட்டலே கூலி. அது காற்றோடு போய்விடும். பாராளுமன்றத்தில் அவர் பேசும் பேச்சோ அச்சேறி, நாளும் பக்கமும் இடப்பட்டு, அவர் மறைந்த பின்னரும் நிலைத்திருக்கும். ஆயினும் மருதமுனை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள கடற்கரை ஊர்களில் வாழும் நாம், முன்னதைக் கேட்க இரவிரவாகக் கூடுகிறோம். பின்னதை ஒருமுறையேனும் எடுத்து வாசிப்பதில்லை. "எமது பிரதிநிதி என்ன கொண்டுவந்தார்?" என்று கேட்கத் தெரிந்த எமக்கு, "அவையில் என்ன சொன்னார்? எந்த நேரத்தில் சொன்னார்? சொன்ன பின் எப்பக்கம் வாக்களித்தார்?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. இம்மூன்று கேள்விகளையும் கேளாதவரை, ஆளுங்கட்சி வரிசையில் எமது ஊரவர் அமர்வதாலும் அமராததாலும் பெரிய வேற்றுமை விளையப் போவதில்லை என்பதே எமது கருத்து.

எதிர்க்கட்சியில் இருப்பவர் அரசாங்கத்தைக் கண்டிப்பது வியப்பன்று. அது அவருக்கு விதிக்கப்பட்ட கடமை. ஆளுங்கட்சியில் இருப்பவர், தம் மக்களுக்குப் பாதகமான ஒன்றைத் தம் அரசாங்கமே கொண்டுவரும்போது என்ன பேசுகிறார் என்பதே உரைகல். வள்ளுவர் அமைச்சைப் பற்றிக் கூறப் புகுந்தபோது 'சொல்வன்மை' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்ததாக 'வினைத்தூய்மை'யை வைத்தார். சொல் ஒருபுறமும் செயல் மறுபுறமும் நிற்கக்கூடாது என்பதை இதனினும் சுருக்கமாக எவ்வாறு உணர்த்துவது?

கல்முனைத் தொகுதியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், சிங்களம் மட்டும் என்ற முழக்கம் நாட்டின் மறுபாதியை அள்ளிச் சென்ற வேளையில், கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றனர். தமிழ் பேசும் மக்கள் அனைவரும் மதபேதமின்றி ஒரே குரலில் பேசுவர் என்ற நம்பிக்கைக்கு அன்று கிடைத்த சான்று அது. அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. இருவரும் அரசாங்கப் பக்கம் சென்றனர். முஸ்தபா 1959–60இல் தகநாயக்கா அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் உயர்ந்தார். 1960 யூலையில் அதே தமிழரசுக் கட்சியின் பெயரால் கல்முனையை வென்ற எம். சி. அகமது, 1970இல் சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் உறுப்பினராக ஆளுந்தரப்பில் அமர்ந்தார். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் வென்று, பின்னர் அமைச்சருமானார். ஆக, கட்சிகள் மாறின, ஆட்கள் மாறினர், ஆனால் ஆளும் வரிசையை நோக்கிய பயணம் மட்டும் மாறவில்லை.

இதனை நாம் துரோகம் என்று தூற்றப் புகவில்லை. வயலையும் கடலையும் நம்பி வாழும் சிறிய சமூகத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வேண்டும். அரசாங்கத்தின் திறவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் வாசலுக்குப் போகத்தான் வேண்டும். போவது குற்றமன்று. போகுமுன் என்ன கேட்டோம், போன பின் என்ன பேசினோம் என்பதே ஆராயத்தக்கது.

இதற்கு எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் வாழ்வே தக்க பாடம். சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையைத் தம் களமாக்கிக்கொண்ட அவர் செய்த முதற் பெருங் காரியம், அமைச்சராகி அமர்ந்திருந்து செய்ததன்று. 1988இல், சனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், பிரேமதாசாவிடம் பேரம் பேசி, ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுதற்கு வேண்டிய வாக்கு வீதத்தைப் பன்னிரண்டரையிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் செய்தார். அரசியலமைப்பின் பதினைந்தாந் திருத்தம் அவ்வாறு பிறந்தது. சிறு கட்சிகள் அனைத்தும் இன்றுவரை அதன் நிழலில் வாழ்கின்றன. பின்னர் 1994இல் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்களே கிடைத்து அறுதிப் பெரும்பான்மை எட்டாதிருந்தபோது, முஸ்லிம் காங்கிரசின் ஏழு ஆசனங்கள் ஆட்சியை நிறுத்தின. அதன் பயனாக ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. எதிர்க்கட்சி ஆசனத்திலிருந்து இதனைக் கட்டியிருக்க முடியாது. ஆனால் இரண்டிடத்திலும் ஓர் உண்மை பொதுவாயுள்ளது: ஆதரவைக் கொடுக்குமுன் கேட்டார், பெற்றார். கொடுத்துவிட்டுக் கேட்பவர் காத்திருக்கவே வேண்டும்.

ஆளுங்கட்சி உறுப்பினரின் நாவைக் கட்டும் கயிறுகள் பல என்பதை நாம் அறியாதவரல்லர். அமைச்சராயின் கூட்டுப்பொறுப்பு என்னும் கட்டு உண்டு. அமைச்சரவையின் முடிவை அவர் அவையில் எதிர்த்துப் பேச இயலாது. அமைச்சரல்லாத பின்வரிசை உறுப்பினருக்கு அக்கட்டு இல்லையெனினும் கட்சிக் கட்டளை உண்டு. 1982இல் சனாதிபதி ஜயவர்த்தனா தம் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடாத இராசினாமாக் கடிதங்களைப் பெற்று வைத்துக்கொண்டார் என்பதை நாடறியும். தன் பதவி விலகற் கடிதம் பிறர் சட்டைப்பையில் இருக்க, எழுந்து நின்று எவரால் நெஞ்சாரப் பேச முடியும்? அன்று ஆளுங்கட்சிக்கு அவையில் ஆறில் ஐந்து பங்கு பலமிருந்தது. அத்துணைப் பலமும் தன் சொந்த உறுப்பினரின் சொல்லுக்கு அஞ்சிற்று என்பதே அக்கடிதங்களின் பொருள்!

ஆயினும் கட்டுகளைச் சொல்லித் தப்பிக்க முயல்வோருக்கு நாம் நினைவூட்ட வேண்டியது ஒன்றுண்டு. 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம், அவையிற் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றமும் ஓர் உறுப்பினரை வினவாதபடி காக்கிறது. கமக்காரன் சந்தியில் நின்று சொன்னால் வழக்கு வரும். ஆசிரியர் சொன்னால் இடமாற்றம் வரும். பத்திரிகை எழுதினால் மானநட்டம் கோருவர். இந்த நாட்டில் எதற்கும் அஞ்சாது பேசும்படி சட்டமே வேலியிட்டுக் காக்கும் இடம் அந்த அவை ஒன்றுதான். அங்கே போயும் வாய் திறவாதவர் வேறெங்கே திறப்பார்?

வாய்ப்புகளும் குறைந்தனவல்ல. வாய்மூல விடை வேண்டும் வினாக்கள் உண்டு. ஒத்திவைப்புப் பிரேரணை உண்டு. வரவு செலவுத் திட்டக் குழுநிலையில் ஒவ்வோர் அமைச்சின் தலைப்பையும் தனித்தனியே எடுத்துப் பேச நாள் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்நாட்களில் நாம் அடிக்கடி கேட்பது யாது? சனாதிபதிக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, திறந்துவைத்த வீதிகளின் பட்டியல், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. எத்தனை நாள் பேசினார், எத்தனை விவாதங்களில் பங்குபற்றினார் என்று கணக்கெடுத்து உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் முயற்சிகள் இக்காலத்தில் நடைபெறுகின்றன. அவை பயனுடையனவே, முற்றாக வாய்மூடியிருப்பவரை அவை காட்டிக்கொடுக்கும். எனினும் நெல்லையும் பதரையும் ஒரே மரைக்காலால் அளந்தால் விளைச்சல் தெரியாது. வட்டைவிதானையார் கூட்டத்தில் எத்தனை தரம் எழுந்து பேசினார் என்று எந்தக் கமக்காரனும் கேட்பதில்லை. கடைவாய்க்கால் வரை தண்ணீர் வந்ததா என்றே கேட்கிறான்.

சொல்லுக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பை அண்மைக் காலம் நன்கு காட்டிற்று. 2010 செத்தெம்பர் 8ஆம் நாள், சனாதிபதி எத்தனை முறையும் போட்டியிட வழிதிறந்த பதினெட்டாந் திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிரணிக் கூட்டிலிருந்து அவைக்கு வந்த முஸ்லிம் காங்கிரஸ் அதனை ஆதரித்தது. பின்னர் அரசாங்கத்திலும் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2020 ஒக்டோபர் 22ஆம் நாள், சனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய இருபதாந் திருத்தம் 156க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அவர் கட்சியின் நால்வர் ஆதரித்தனர். அந்நால்வருள் கல்முனையின் எச். எம். எம். ஹரீசும் நிந்தவூரின் பைசல் காசீமும் அடங்குவர். அவ்வேளையில் கொரோனாவால் இறந்தோரின் ஜனாஸாக்களை அடக்கவிடாது எரிக்கும் கட்டளை நடைமுறையில் இருந்தது. 2020 ஏப்ரிலில் வந்த அக்கட்டளை, அவ்வாக்களிப்புக்குப் பின்னும் நான்கு மாதம் நீடித்து, 2021 பெப்ருவரியிலேயே நீங்கிற்று. கொடுத்த வாக்குக்குக் கைம்மாறு உடனே கிட்டவில்லை என்பதை நாட்காட்டியே சொல்லும்.

இது மார்க்கக் கடமை பற்றிய துயரம் மட்டுமன்று. வயல் வரை வந்த பாடமுமாகும். 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. அதனை இருபதாந் திருத்தத்தின் நேர்விளைவு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தட்டிக்கேட்பார் குறைந்த அதிகாரம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆலோசனையின்றிச் செயற்படும் என்பதை அது காட்டிற்று. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. மஞ்சளித்த பயிரைப் பார்த்து நின்றவன் அம்பாறைக் கமக்காரன். ஏற்றத்தில் கையுயர்த்தியவர்கள் எவரெவர், இறக்கத்தில் கமக்காரனுக்காக எழுந்து நின்றவர்கள் எவரெவர் என்று ஹன்சாட்டில் தேடிப் பார்ப்பது ஒவ்வொரு விவசாயிகள் சங்கத்தின் கடமையுமாகும். இருபதாந் திருத்தமே 2022 ஒக்டோபரில் இருபத்தோராந் திருத்தத்தால் பெரிதும் மாற்றப்பட்டது. சட்டம் திருந்தியது, இழந்த போகம் திரும்பி வந்ததா?

வாக்களிப்புக்கு விலையுண்டு என்பதை அயல் மாவட்டமும் கண்டது. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைக் கட்சித் தீர்மானத்தை மீறி ஆதரித்த மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அகமது கட்சியினின்று நீக்கப்பட்டார். அந்நீக்கம் செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அமைச்சராயிருந்த அவர் ஆசனத்தையே இழந்தார். கட்சி தன் உறுப்பினரைக் கணக்குக் கேட்கிறது; நீதிமன்றமும் கேட்கிறது. கேளாதிருப்பவர்கள் வாக்காளராகிய நாம் மட்டுமே.

கணக்குக் கேட்பதற்குத் தடையாக நிற்பது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த மொழியில் பேசப்பட்டதோ அந்த மொழியிலேயே ஹன்சாட்டில் உரை அச்சாகிறது. எமது உறுப்பினர் தமிழிற் பேசினால் எமக்கு விளங்கும். அதற்கு அமைச்சர் சிங்களத்தில் தரும் மறுமொழி எமது கமக்காரனுக்கு விளங்காது. அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் கொழும்புக்கு விளங்கும். அவர் சொன்னது யாது என்று அக்கரைப்பற்றில் ஒருவருக்கும் தெரியாது. இவ்விடைவெளியில்தான் இரட்டை நாவு வளர்கிறது: ஊரில் ஒரு பேச்சு, அவையில் வேறொரு பேச்சு. 2019 யூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினையில் ஒருபுறம் உண்ணாவிரதமும் மறுபுறம் எதிர்ப்பும் எழுந்தபோது, இரு பக்கத்தாரும் தெருவில் உரத்துப் பேசியவர்களையே தலைவரென்று கொண்டனர். அடுத்தடுத்த வீதிகளில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும், தத்தம் பிரதிநிதி அவையில் மற்றவர் முன்னிலையில் என்ன தீர்வு வைத்தார் என்று ஒரே பக்கத்தை விரித்து வாசித்திருப்பாராயின், அயலவரிடையே கசப்பு அவ்வளவு முற்றியிருக்குமோ? தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கூறிற்று. அவ்வாறாயின் அவையின் முழு நடவடிக்கையும் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது சலுகையன்று, உரிமை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. ஊர்தோறும் வாசிகசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ கோயில் முன்றிலிலோ, ஆண்டுக்கு இருமுறை, எமது மாவட்ட உறுப்பினர் அனைவரின் பேச்சும் வாக்கும் தமிழிற் சுருக்கி வாசிக்கப்படுக. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இப்பணியை ஏற்றல் தகும். கடைசி வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்கும் பணியைக் கமக்காரரும் மீனவரும் ஏற்றல் தகும். அங்கே வினவவேண்டியவை நான்கு. மசோதா வருமுன் பேசினாரா, வாக்களித்த பின் விளக்கம் கூறினாரா? ஊரிற் சொன்னதையே அவையிலும் சொன்னாரா? ஆதரவுக்கு ஈடாக மக்களுக்குக் கேட்டது யாது? பேசிய பேச்சும் போட்ட வாக்கும் ஒன்றா? ஒலுவில் துறைமுகத்தை அடுத்துக் கடல் தின்ற கரையைப் பற்றியும், நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தோருக்கெனச் சவூதி உதவியால் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கிற் பூட்டிக்கிடந்த 500 வீடுகளைப் பற்றியும் இந்நான்கு வினாக்களையும் வைத்துப் பார்த்தால், எவர் பேச்சு நெல், எவர் பேச்சு பதர் என்பது தானே விளங்கும்.

2024 நவம்பர் 14ஆம் நாள் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. திகாமடுல்லையிலும் முதலிடம் அதற்கே. கட்சி புதிது, முகங்களும் பல புதியன. ஆயினும் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த பலம் இந்நாட்டுக்குப் புதிதன்று. அது 1977இல் எவ்வாறு நடந்தது, 2020இல் எவ்வாறு நடந்தது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். இத்தகைய அவையில் எதிர்க்கட்சியின் சொல்லுக்கு வலு குறைவு. ஆளும் வரிசையில் இருக்கும் மனச்சாட்சியுள்ள ஒருவரின் சொல்லுக்கே வலு அதிகம். அச்சொல்லை அவர் சொல்லுமாறு தூண்டுவது அவருடைய தலைவரின் வேலையன்று. தம்மை அனுப்பியவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணமே அவரை எழுந்து நிற்கச் செய்யும். வாசிப்போமாக.