எற்பாடும் ஏழாம் வேற்றுமையும்

கணினிக்குள் சங்கத் தமிழ் புகுந்துவிட்டது என்று நம்மவர் பூரிக்கும்போதெல்லாம் நமக்குச் சற்று ஐயம் எழுகிறது. சான்றுக்கு ஒன்று. வலைத்தளங்களில் நாளையும் நேரத்தையும் காட்டுவதற்கென 2011இல் வெளிவந்தது 'மொமென்ட்' என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம். இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று 2020இல் அதனைப் பேணுவோரே அறிவித்துவிட்டனர். எனினும் அதனை நம்பி இயங்கும் தளங்கள் இன்றும் உண்டு. அதன் தமிழ்க் கோப்பில் முற்பகல், பிற்பகல் என்னும் இரண்டுக்கு மாற்றாக யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என ஆறு சிறுபொழுதுகள் வீற்றிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம், அதாவது பத்து நாழிகை. கணக்கில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. அதே கோப்பு 'ஐந்து நிமிடங்களுக்கு முன்' என்னாது, '5 நிமிடங்கள் முன்' என்கிறது. 'நிமிடங்களில்' என்னாது, '5 நிமிடங்கள் இல்' என்கிறது. தமிழில் தனித்து நிற்கும் 'இல்' வீட்டைக் குறிக்கும், அன்றி இன்மையைக் குறிக்கும், காலத்தைக் குறிக்காது. ஒன்றென்றால் 'வருடம்', இரண்டென்றால் 'ஆண்டுகள்' என்பது இன்னொரு வேடிக்கை.

காந்திகிராமத்தில் பேருந்துக்கு நிற்கும் ஒருவரிடம் 'எற்பாடு மூன்று மணி' என்று சொல்லிப் பாருங்கள். தொல்காப்பியம் நெய்தலுக்கு உரித்தாக்கிய பொழுது அது. கடல் காணாத திண்டுக்கல் சமவெளியில் மூன்று மணி என்றால் மத்தியானம்தான். ஆனால் அவர் எழுத்தறியாதவராயினும் 'அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடி' என்றே சொல்வார். நான்காம் வேற்றுமை உருபை அவர் ஒருநாளும் விட்டதில்லை. தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்திய காந்தியின் பெயரால் 1947இல் எழுந்த ஊர் அது. அங்குள்ளோர் கைப்பேசியில் படிக்கும் தமிழ் அவர்கள் பேசும் தமிழைவிடக் குறைபட்டதாக இருக்கலாமா?

நிரலின் வரம்பு அப்படி என்பார்கள். ஏற்பதற்கில்லை. அதே நிரலகத்தின் ஜெர்மன் கோப்பு வேற்றுமைக்கேற்பச் சொல்வடிவை மாற்றிக்கொள்கிறது. யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பிலோ 'நிமிடங்களுக்கு முன்', 'நிமிடங்களில்' என்று தமிழும் செம்மையாகவே இருக்கிறது. வழி இருந்தது, நாம்தான் கேட்கவில்லை.

பெயர்கள் மாறும். விநாடி என்பது பழங்கணக்கில் நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் 24 நொடி. அச்சொல்லே இன்று ஒரு நொடிக்கு ஆகிவந்துவிட்டது, மொழி குலைந்துவிடவில்லை. உருபு உதிர்ந்தால் குலையும். அருஞ்சொல் ஒன்றைக் கண்டதும் கைதட்டிவிட்டு அடுத்த வரியைப் படியாமல் விடும் இலக்கிய வாசகராகிய நமக்கும் இப்பிழையில் பங்குண்டு. பெயரைத் தேடியவர்கள் வேற்றுமையைத் தேடவில்லை என்றால், அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்கள் நாமே. எற்பாடு அகப்பாடல்களில் நலமாகவே இருக்கும். முதலில் அந்த 'இல்'லைச் சொல்லோடு ஒட்டவைப்போம்.