தடிமன் குளிசையும் தொய்வு மருந்தும்

உடுவிலிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ளார். அவருடைய தந்தையார் நெடுங்காலமாகத் தொய்வுக்குத் தியோபிலின் குளிசை உட்கொண்டு வருபவர். பனிக்குத் தடிமன் பிடிக்கவே, கடையில் தடிமன் குளிசை வாங்கிக் கொடுத்தார்களாம். இரவு முழுதும் உறக்கமில்லை; கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தி. தடிமன் முற்றியதால் வந்த தொல்லையா என்பது வினா.

அவ்வாறு எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. தந்தையாரை உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. இரண்டு குளிசைகளையும் உறையோடு கொண்டு சென்று காட்டுக. அடுத்த வேளைக் குளிசையை வைத்தியரைக் கேட்ட பின்னரே கொடுக்க.

தியோபிலின், 1888ஆம் ஆண்டில் அல்பிரெக்ட் கொசெல் என்னும் ஜேர்மன் அறிஞர் தேயிலையிற் கண்டறிந்த பொருள். மூச்சுக் குழாயை விரிக்க வல்லது. ஆயினும் அது மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. இரத்தத்தில் லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஓங்காளமும் நடுக்கமும் தோன்றும்; பின்னர் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும். முன்னறிகுறி ஏதுமின்றி வலிப்பு வருவதும் உண்டு.

மூக்கடைப்பை நீக்கத் தடிமன் குளிசைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் சேர்க்கப்படுகிறது. அதுவும் இதயத்தை விரைவுபடுத்துவதே. சளி பழுத்துவிட்டதென்று எரித்ரோமைசினோ சிப்ரோபுளொக்சசினோ தாமாகவே வாங்கி விழுங்குவோர்க்கு இடர் இன்னும் பெரிது. ஈரல் தியோபிலினைச் சிதைப்பதை அவை தடுப்பதால், வழக்கமான அளவே உடலிற் குவிந்துவிடும். காய்ச்சல் மட்டுமே இவ்வாறு செய்வதும் உண்டு. 1980இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இன்புளுவென்சா பரவியபோது, தியோபிலின் உட்கொண்டு வந்த குழந்தைகள் 11 பேருக்கு அந்த மருந்தே நஞ்சாயிற்று.

நம்மூரார் கவனியாத ஒன்று சுருட்டு. புகை ஈரலை முடுக்கித் தியோபிலினை விரைவிற் சிதைப்பிக்கும். ஆதலின் சுருட்டுப் பிடிப்பவர்க்குக் கூடிய அளவு மருந்து வேண்டியிருக்கும். தடிமன் வந்ததும் பெரியவர் சுருட்டைக் கைவிடுகிறார். நல்ல காரியந்தான்! ஆனால் ஒரு வாரத்துக்குள் ஈரலின் வேகம் தணிய, குளிசையோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். சுருட்டை விட்ட செய்தியையும் வைத்தியருக்குச் சொல்லியாக வேண்டும்.

தொய்வுக்காரர் சிலருக்கு அஸ்பிரின் மூச்சையே அடைக்கும். காய்ச்சலுக்கு அளவறிந்த பரசிற்றமோல் போதும். மல்லித் தண்ணீர் தாராளமாய்க் குடிக்கலாம். கடுங் கோப்பியை மட்டும் குறைத்துக் கொள்க. அதிலுள்ள கஃபீன் தியோபிலினுக்கு நெருங்கிய உறவு.