பூங்காவில் ஒரு நாற்றங்கால் வேண்டும்

உதகைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள கண்ணாடி வீடுகளையும் நாற்றங்கால்களையும் எத்தனை பேர் நின்று பார்த்தீர்கள்? அப்பூங்காவில் தோட்டக்கலைத் தொழில் நடைபெறும் இடம் அதுவே.

அப்பூங்கா வேடிக்கைக்காகத் தோன்றியதன்று. 1845இல் உதகையில் வாழ்ந்த ஐரோப்பியர் சிலர், மலிவாகக் காய்கறி பெறுவதற்காகப் பணம் திரட்டி ஒரு தோட்டம் போட்டனர். பின்னர் அதைப் பொதுத் தோட்டமாக விரிவாக்க எண்ணி, இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பணியாற்றிய மக்ஐவர் என்பவரை 1848இல் வரவழைத்தனர். தொட்டபெட்டாவின் சரிவைத் திருத்திப் பூங்காவாக்கியவர் அவரே. 1860களில், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைத் தரும் சிங்கோனா தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தபோது, அதைப் பெருக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. தண்டுத் துண்டுகளைக் கண்ணாடிக் கூரையின் கீழ் வேர்விடச் செய்தார். மருந்துப் பட்டைக்காக மரத்தையே வெட்டாமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அவ்விடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார்; அங்கே புதுப்பட்டை வளர்ந்தது. இதை அவர் கண்டது மரத்தின் அருகே நின்று, செய்து பார்த்துத்தான்.

இயற்பியல் ஆசிரியனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை உண்டு. வெட்டி நட்ட தண்டுக்கு வேர் இல்லை. இலைகளோ நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவின்றிச் செலவு மட்டும் நடந்தால் தண்டு வாடும். கண்ணாடிக் கூரை காற்றின் ஈரத்தை வெளியேற விடாமல் காத்து அச்செலவைக் குறைக்கிறது. இனி வெப்பநிலையைக் கவனியுங்கள். 20 பாகை செல்சியஸில் நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் 17.5 மி.மீ. பாதரசம், 40 பாகையில் 55.3 மி.மீ. அதாவது, ஒப்பு ஈரப்பதம் சமமாக இருந்தாலும், நம் கோடைக் காற்று மலைக் காற்றைப் போல் மும்மடங்குக்கு மேல் நீரை இழுக்கும். உதகையில் கைவந்த முறையை அப்படியே திருவள்ளூரில் செய்தால் துண்டுகள் கருகிவிடும். எவ்வளவு நிழல், எத்தனை முறை நீர்த்தூவல், எந்த மாதம் நடுவது என்பனவற்றை இவ்வூர் மண்ணிலும் வெயிலிலும்தான் கற்க வேண்டும்.

தோட்டக்கலைக்குக் கல்லூரிகள் உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பட்டப் படிப்பே நடத்துகிறது. நல்லதே. ஆனால் இப்படி ஒரு தொழில் இருப்பதையே அறியாத மாணவன் அக்கல்லூரி வாயிலுக்கு எப்படிப் போவான்? மணவாள நகரில் வளரும் பிள்ளை லேத் பட்டறையைப் பார்த்திருக்கிறான். ஒட்டுக்கட்டும் கையைப் பார்த்ததில்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு மரம் வளர்ப்பதும் அனுமதியின் ஒரு நிபந்தனை. எங்கிருந்தோ லாரியில் வரும் கன்றுகளை நட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த கோடையில் பல காய்ந்த குச்சிகளாக நிற்கின்றன. ஆள் இல்லாமல் அல்ல, தொழில் தெரிந்த ஆள் இல்லாமல்.

மக்கள் காற்று வாங்க வரும் பூங்காவில் நாற்றங்கால் எதற்கு, இடம் வீணாகுமே என்பவர்கள் உண்டு. இப்போது பூங்கா என்றால் சிமெண்டுக் கல் பாவிய நடைபாதை, ஓர் ஊஞ்சல், பெயரே எழுதாத நாலு அழகுச் செடிகள் என்றாகிவிட்டதால் வரும் கேள்வி இது. கால்பந்து ஆடும் இடத்தை யாரும் கேட்கவில்லை. ஐந்து சென்ட் மூலை போதும். அதில் நிழல்வலைக் கூரை ஒன்று, வேம்பும் புங்கமும் வளரும் பாத்திகள், மா ஒட்டுக்கட்டத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர், அவரிடம் மாலையில் வேலை கற்கும் இளைஞர் இரண்டு பேர் இருக்கட்டும். கூரைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஈர, உலர் குமிழ் வெப்பமானிகளைத் தொங்கவிட்டால், தினமும் அவற்றின் அளவைக் குறித்து வைக்கும் பொறுப்பை அருகிலுள்ள பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்.