ரிங் போகுது... வீட்டில் மணி அடிக்கலை! கொரட்டூரில் லேண்ட்லைன் 'டெட்' ஆனால் என்ன செய்வது?

கொரட்டூர்: வெளியூரில் இருக்கும் மகன் அம்மாவுக்கு போன் போடுகிறார். 'ட்ரிங்... ட்ரிங்...' என்று ரிங் போகிறது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறார். அப்பவும் எடுக்கவில்லை. பதறிப்போய் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அம்மாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்கிறார். போய்ப் பார்த்தால் அம்மா ஹாயாக டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் மணி அடிக்கவே இல்லை!

லேண்ட்லைன் ஒயர் எங்காவது அறுந்துவிட்டால் இப்படித்தான் நடக்கும். அழைப்பவர் காதில் கேட்கும் ரிங் சத்தம் வீட்டுப் போனில் இருந்து வருவதல்ல, எக்ஸ்சேஞ்சில் இருந்து வருவது. ஒயர் அறுந்ததோ, போனைக் கழற்றி வைத்ததோ எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ரிங் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் போன் 'டெட்' ஆன சங்கதி பல வீடுகளில் நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிய வருகிறது.

'கைக்குக் கை செல்போன் வந்தாச்சு, லேண்ட்லைன் எதுக்கு?' என்று கேட்கலாம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் பழைய தனி வீடுகளும் நிறைந்த கொரட்டூரில் அப்படி லேசாகக் கேட்டுவிட முடியாது. 1990களில் பணம் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய இணைப்புகள் இவை. பேங்க், காஸ் ஏஜென்சி, சொந்தக்காரர்களின் டைரி என எல்லா இடத்திலும் அந்த 044 நம்பர்தான். செல்போன் திரையைத் தடவிப் பழகாத முதியவர்களுக்கு, அவசரத்துக்கு 108ஐ அழைக்க கையில் இருப்பதும் அந்த ஒரு போன்தான்.

முதலில் வீட்டுக்குள்ளே பாருங்க

எக்ஸ்சேஞ்சில் இருந்து கிளம்பும் ஒயர் தரைக்கடியில் ஓடி, ரோட்டோரம் நிற்கும் பில்லர் பெட்டிக்கு வரும். அங்கிருந்து தெருக் கம்பத்திலோ சுவரிலோ உள்ள டி.பி. பாக்ஸ். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர். அது சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில் வந்து முடியும். லைன்மேன்கள் இதை 'ரோசெட்' என்பார்கள். அந்தப் பெட்டி வரைக்கும் கம்பெனி பொறுப்பு. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் இழுத்துக்கொண்ட ஒயர், இன்னொரு ரூமில் வைத்த 'பேரலல்' போன் எல்லாம் நம்ம பாடு.

எனவே சோதனையையும் அந்தப் பெட்டியில்தான் தொடங்க வேண்டும். பேரலல் போன், காலர் ஐ.டி. பெட்டி, இன்டர்நெட் மோடம், ஸ்பிளிட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நன்றாக வேலை செய்கிற ஒரு போனை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது, நேராக ரோசெட்டில் மாட்டுங்கள். டயல் டோன் வந்தால் லைன் நல்லா இருக்கு. கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால், எதை மாட்டும்போது டோன் போகிறதோ அதுதான் கோளாறு. பெரும்பாலும் சுருள் ஒயரோ, எறும்பு புகுந்த பெட்டியோ, பச்சை பிடித்த பின்னோதான் மாட்டும். 50 ரூபாய், 100 ரூபாயில் முடிகிற வேலை. நல்ல போனை மாட்டியும் டோன் இல்லையா? கோளாறு வெளியே. அதற்கு மேல் வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை.

செல்போனில் இருந்து சொந்த நம்பருக்கே அடித்துப் பார்ப்பதும் நல்ல வழி. ரிங் போகிறது, வீட்டில் மணி அடிக்கவில்லை என்றால் ஒயர் எங்கோ விட்டுப் போயிருக்கிறது (மணிச் சத்தத்தைக் குறைக்கும் பட்டனையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பேரப்பிள்ளைகள் வேலையாக இருக்கலாம்). எப்ப அடித்தாலும் 'எங்கேஜ்ட்' என்றால் ரெண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அல்லது எந்த ரூமிலோ ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. யாரோ பேசுவது நடுவில் கேட்டால் வேறொரு லைனோடு உரசுகிறது. மழை பெய்தால் கரகர, வெயில் அடித்தால் சரியாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், வெளியே ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்குகிறது. இந்த விவரத்தைப் புகாரில் சொன்னால் லைன்மேன் நேராக அந்த ஜாயிண்டைத் தேடுவார்.

இன்னொரு விஷயம் பலரை ஏமாற்றுகிறது. லேண்ட்லைனுக்கு லேண்ட்லைன் போகும், செல்போனுக்கு மட்டும் போகாது. இது கோளாறே இல்லை. 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுவதும் லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு அடிக்க, நம்பருக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் பழைய பழக்கத்தில் 10 நம்பரை மட்டும் அடித்துவிட்டு 'போன் ரிப்பேர்' என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதே மாதிரி, வெளியில் இருந்து அழைப்பு வருகிறது, நாம் அடித்தால் மட்டும் போகவில்லை என்றால் பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது இடி இடித்தால் போனைத் தொடாதீர்கள். சாதாரண நேரத்தில் அந்த ஒயரில் 48 வோல்ட்தான். ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் அது 75 வோல்ட்டுக்கு மேல் போகும், சுரீர் என்று பிடிக்கும்.

தெருவில் ஏன் இத்தனை கோளாறு?

தாமிர ஒயருக்கு எமன் தண்ணீர். ஏரியை ஒட்டிய, தாழ்வான தெருக்கள் உள்ள ஊர் கொரட்டூர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்த வட்டாரம் மறந்திருக்காது. பில்லர் பெட்டிக்குள்ளும் கேபிள் ஜாயிண்டிலும் ஒருமுறை தண்ணீர் இறங்கினால், அடுத்த மழை, அதற்கடுத்த மழை என்று தொல்லை தொடரும். மழை போனால் பள்ளம். மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கரண்ட் கேபிள் என்று யார் ரோட்டைத் தோண்டினாலும் கடப்பாரைக்கு முதலில் சிக்குவது டெலிபோன் கேபிள். தாமிரத்துக்கு விலை இருப்பதால் திருடர்களும் விடுவதில்லை.

ரிப்பேர் பார்க்க ஆள் எங்கே என்பதுதான் பெரிய கேள்வி. பி.எஸ்.என்.எல். ஊழியர்களில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நாடு முழுவதும் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரில் இது பாதி. எந்தத் தெருவில் எந்த ஜாயிண்ட் எங்கே புதைந்திருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்களும் அதில் போனார்கள். அந்த விவரம் எந்த கம்ப்யூட்டரிலும் முழுசாக இல்லை. 2022 ஆகஸ்டில், லேண்ட்லைன் எண்ணிக்கையில் பி.எஸ்.என்.எல்.லை ஜியோ முந்தியது. ஜியோ கொடுப்பது தாமிர ஒயர் இல்லை, பைபர்.

பி.எஸ்.என்.எல்.லும் தாமிரத்தை விட்டு பைபருக்குத்தான் நகர்கிறது. நியாயமாகப் பார்த்தால் அது தப்பில்லை. கண்ணாடி இழையில் தண்ணீர் பட்டால் கரகர சத்தம் வராது, திருடினாலும் விலை போகாது. ஆனால் மாறச் சொல்லும்போது யாரும் சத்தமாகச் சொல்லாத ஒரு குறை இருக்கிறது. பழைய லேண்ட்லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே ஒயரில் வந்துவிடும். தெருவே இருண்டாலும் போன் பேசும். பைபரில் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இல்லை என்றால் போனும் இல்லை. புயல் நேரத்தில்தானே போன் அவசியம்? தனியாக வசிக்கும் முதியவர் வீட்டில் பைபர் போட்டால், மோடத்துக்கென்றே கிடைக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது. டயலைச் சுற்றி அடிக்கும் பழைய போன் பல மோடங்களில் வேலை செய்யாது. மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய நம்பரை வைத்துக்கொண்டே பைபருக்கு மாற முடியும். பழைய இணைப்பை சரண்டர் செய்யச் சொன்னால், அதே நம்பர் தொடரும் என்பதை விண்ணப்பத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் ரசீது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

புகார் கொடுக்கும்போது உஷார்

பழைய 198ஐயே நினைவில் வைத்திருப்பவர்கள் 1800 4444 என்ற இலவச எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். புகார் நம்பர் வாங்காமல் போனை வைக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தால் அது கணக்கில் ஏறாது. நம்பர் இருந்தால்தான் அடுத்தபடியாக கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். 2012ல் டிராய் கொண்டுவந்த விதிகளின்படி அந்த அதிகாரி 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் கோர்ட். 2009ல் வந்த ஒரு தீர்ப்பால் டெலிபோன் வழக்குகளுக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைத் திறந்துவிட்டது.

இதற்கிடையில் மோசடி கும்பல் வேறு. 'இன்னும் 2 மணி நேரத்தில் உங்கள் போன் துண்டிக்கப்படும், 9ஐ அழுத்தவும்' என்று பதிவு செய்த குரல் பேசினால், வைத்துவிடுங்கள். டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ அப்படிப் பேசுவதில்லை. இன்டர்நெட்டில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பர்களில் போலிகளும் உண்டு. ரிப்பேருக்கு என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டாலோ, செல்போனில் ஏதாவது ஆப் ஏற்றச் சொன்னாலோ அவர் லைன்மேன் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும். லேண்ட்லைன் செத்துக் கிடக்கும் வீட்டில், அதற்காகவாவது இந்த நம்பரை செல்போனில் பதிந்து வைத்துக்கொடுங்கள்.