உட்கார ஓர் இடம்

சென்னையின் பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் பேச்சு வந்துவிடும். மரநிழல், காருக்கே வரும் தோசை, ஒரு காபியை வைத்துக்கொண்டு அரைநாள் நடந்த விவாதம். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வரலாறு. சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய உடுப்பிக்காரர் கே. கிருஷ்ணராவ், 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை ஆரம்பித்தார். 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த நிலத்தில், டிரைவ்-இன் வந்தது. நில வழக்கு நீண்டு, 2008இல் அரசு இடத்தை எடுத்துக்கொண்டது, கடை மூடியது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

கவரைப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஆய்வுக்காகச் சென்னை வந்துபோன நாட்களில் அந்த வாசலைப் பலமுறை கடந்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. யாரும் தடுக்கவில்லை. கார் இல்லாதவர்களுக்கும் உள்ளே மேசை உண்டு என்பதும் தெரியும். ஆனால் ஒரு பெண் வேலை எதுவுமின்றி, துணை எதுவுமின்றி, ஓட்டலில் இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேறோர் ஓட்டலில் தோழியும் நானும் காபி குடித்து முடிப்பதற்குள், “வேற என்னம்மா வேணும்?” என்று மூன்று முறை கேட்டார்கள். பக்கத்து மேசையில் நான்கு ஆண்கள் காலி டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

“பெண்கள் குடும்பத்தோடு வந்தார்களே?” என்பார்கள். ஆமாம், குடும்பத்தோடு. அதுதான் எங்கள் நுழைவுச்சீட்டு. இலக்கிய விவாதம் நடந்த மேசையில் ஆண்கள் அரைநாள் இருக்க முடிந்ததென்றால், அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளையைப் பார்த்தவள், உலை வைத்தவள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய மாலைப்பொழுதில்தான் அந்த விவாதம் நடந்தது. நினைவுக் கட்டுரைகளில் சாம்பாருக்கு ஒரு பத்தி உண்டு; அவளுக்கு ஒரு வரி இல்லை.

தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள் நான். பூங்காவின் பெயரில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் இதையும் சொல்கிறேன். அதியமானோடு அமர்ந்து கள்ளுண்டதை ஒளிக்காமல் பாடியவர் அவ்வையார். காதலனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியாரை அகநானூற்றில் நினைவுகூர்பவரும் அவ்வையார்தான். உட்கார்ந்தவள், அலைந்தவள் இருவரும் நம் செம்மொழிக்காரிகள். அவர்கள் பேத்திகளுக்கு ஒரு டீக்கடை பெஞ்சு இல்லை.

எங்கள் ஊருக்கு வாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் விடியலிலும் இரவிலும் நெடுஞ்சாலை ஓரம் நிற்கிறார்கள். எதிரே டீக்கடை, பெஞ்சு முழுக்க ஆண்கள். பெண்களுக்கு டீ பார்சலாக வருகிறது, நின்றபடியே குடிக்கிறார்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவுப்பணித் தடையை 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. இரவில் உழைக்கும் உரிமை கிடைத்தது. இரவில் உட்காரும் உரிமை? 2013இல் வந்த அம்மா உணவகத்தில் சமைப்பவர்கள் பெண்கள். மலிவு விலையில் பசி ஆறியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கும் நின்று சாப்பிட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

“காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்பு முக்கியம்” என்று அறிவுரை வரும். ஆளில்லாத சாலையோரத்தில் நிற்பதைவிட, வெளிச்சமும் நாலு பெண்களும் உள்ள கடையில் உட்கார்வது பாதுகாப்புக் குறைவா? அக்கறை உண்மையென்றால் ஒவ்வொரு ஷிப்டு நிறுத்தத்திலும் கூரை, விளக்கு, பெஞ்சு, கழிப்பறை கட்டுங்கள். தொழிற்பேட்டைக்குச் சாலை போட முடிந்தவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

மாணவிகளே, போன ஓட்டலுக்காக அழுகிறவர்கள் அழட்டும். நமக்கு இழக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. நாளைக்கு நாலு பேராக டீக்கடைக்குப் போங்கள். பார்சல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெஞ்சில் உட்காருங்கள். டீ ஆறும்வரை பேசுங்கள். ஆறிய பிறகும் பேசுங்கள்.