பாட்டியின் மணை

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றி எழுதக் கதை எழுதுகிறவனுக்கு என்ன யோக்கியதை என்று டாக்டர் நண்பர் ஒருவர் கேட்டார். "அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தால் போதாதா? வைத்தியரும் வாத்தியாரும் கூடிப் பேசி என்ன ஆகிவிடப் போகிறது?" என்பது அவர் கட்சி.

போதாது ஐயா, போதாது.

எங்கள் தெருவில் ஒரு பையன். எட்டு வயது. மூளை முடக்குவாதம். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி, வியாழக்கிழமை பேச்சுப் பயிற்சி, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். "முதுகு கூனுகிறது" என்றார் முதலாமவர். "பேச மூச்சுப் போதவில்லை" என்றார் இரண்டாமவர். "எழுதவே மாட்டேன் என்கிறான்" என்றார் வாத்தியார். மூன்று பேரும் கோபித்துக்கொண்டது தாயை!

பள்ளி விழாவுக்குப் போன பாட்டிதான் பார்த்தாள். பெஞ்சு உயரம்; பையனின் கால் தரையில் படவில்லை. மறுநாள் வீட்டிலிருந்த மணையைக் கொண்டுபோய்க் காலுக்கடியில் வைத்தாள்.

கால் ஊன்றாவிட்டால் இடுப்பு நிற்காது, உடம்பு சரியும். விழாமலிருக்கப் பெஞ்சைப் பிடித்துக்கொண்ட கை எப்படி எழுதும்? ஒடுங்கிய நெஞ்சில் மூச்சு எங்கிருந்து வரும்? பிசியோதெரபிக்காரருக்கு இது அரிச்சுவடி. ஆனால் அவர் அந்தப் பெஞ்சைப் பார்த்ததில்லை. தினமும் பார்த்த வாத்தியாருக்கு அந்த அரிச்சுவடி தெரியாது. நடுவில் ஒரு தாய், பையில் காகிதக் கட்டுடன், இரண்டு வருஷமாக பஸ் ஏறி இறங்கியிருக்கிறாள்.

சர்க்கார் இதை அறியாமலில்லை. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013-ல் தேசியத் திட்டம் ஒன்று வந்தது. குழந்தை வைத்தியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனோதத்துவ நிபுணர், சிறப்பாசிரியர் எல்லாரும் மாவட்ட மையத்தில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு. ஒரே மேஜையில் உட்காருவது வேறு. (ஒரே வீட்டில் பேசாமல் வாழும் தம்பதிகளை வைத்தே நான் இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன்.)

நடக்காத காரியமா? ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள். நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். நேரமில்லை என்பவர்களை நான் கேட்பது மாதம் அரைமணி. அந்தத் தாய்க்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

போன வாரம் வாத்தியாரைச் சந்தித்தேன். பையன் எழுதுகிறானாம். "அந்த மணையைப் பற்றி பிசியோதெரபிக்காரரிடம் சொல்ல வேண்டும், சார்" என்றார்.

சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவர் யார் என்று எனக்குத் தெரியாதே!"